இடது கால் சொன்னது

மொந்தெபெல்லூனா,
3 நவம்பர் 1998

அன்புள்ள ஒர்னெல்லா அக்காவுக்கு,

தம்பி லோரிஸ் எழுதுவது. நானும் காட்டியாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்கலாம் என்றால் நீ போனையே எடுக்க மாட்டேன் என்கிறாய். மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிருந்தாய் என்று சொல்லிவிடாதே, உன்னிடம் மாடே கிடையாது.

அதனால் வழக்கம்போல பூட்ஸுக்குள் கடிதத்தைத் திணித்து அனுப்புகிறேன். உங்கள் சோதனைக் குழு எட்சியோவுக்குப் போகிற பெட்டியில் மேலே இருக்கும் ஜோடி உனக்கு. இந்த வருஷம் முதலாளிக்குப் புது ஆசை பிடித்திருக்கிறது. காலையில் கண்ணாடியாக இறுகிக் கிடக்கும் சரிவு, மத்தியானம் கஞ்சியாகக் குழையும் பனி, காட்டுக்குள் யாரும் மிதிக்காத புதுப்பனி, கடைசியில் மேலே இருக்கும் விடுதிவரை நடந்து போய் ஒரு கிளாஸ் குடிப்பது, இத்தனைக்கும் ஒரே பூட்ஸ் வேண்டுமாம். முழு மலைக்கும் ஒரே பூட்ஸ். வரைகிற வேலையை என் தலையில்தான் கட்டியிருக்கிறார்.

உனக்குத் தெரியாததா? இறுக்கினால் சறுக்குப் பலகை சொன்னபடி திரும்பும், ஆனால் கால் செத்துப்போகும். தளர்த்தினால் கால் சுகமாக இருக்கும், பலகை தன் இஷ்டத்துக்குப் போகும். எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. அதனால் இந்த ஜோடியில் இடது பூட்ஸை ஒடுக்கமான அச்சில் வார்த்திருக்கிறேன். வலது, அகலமான அச்சு. இரண்டையும் ஒரே நாளில் போட்டுப் பார்த்து, எந்தக் காலுக்கு எது பிடித்தது என்று எழுது. மற்றவர்களும் போட்டுப் பார்ப்பார்கள்தான். ஆனால் நான் நம்புவது உன் காலை மட்டும்தான். காலுறைக்குள் ஒரு மடிப்பு இருந்தால்கூட சொல்லிவிடுகிற கால் அது.

இன்னொரு சமாச்சாரம். இத்தனை வருஷம் காத்திருந்து இப்போது காட்டியா கர்ப்பமாக இருக்கிறாள். மூன்றாம் மாதம். போனில் சொல்ல வேண்டியதை எழுத வைத்துவிட்டாய். டாக்டர் இரண்டு குடும்பத்தின் வியாதிகளையும் கேட்டார். அம்மாவுக்கு வந்தது என்ன வியாதி, அதன் பெயர் என்ன? பெல்லூனோ ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தது நீதானே. அடுத்த கடிதத்தில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
லோரிஸ்


அராப்பா,
29 நவம்பர்

என் தம்பிக்கும் காட்டியாவுக்கும்,

அக்காவின் ஆசிகள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறையில் தனியாக ஒரு கிளாஸ் கிராப்பா ஊற்றிக் குடித்தேன். குழந்தை பிறக்கும்போது அத்தைக்கு வயசு ஐம்பதைத் தொட்டிருக்கும், பரவாயில்லை, பலகையில் நிற்க நான்தான் கற்றுக்கொடுப்பேன். காட்டியா ஏணியில் ஏறக்கூடாது, காபி குறைக்க வேண்டும், உன் ஜோக்குகளைக் கேட்கக்கூடாது.

பனி நல்லபடியாக விழுந்துவிட்டது. வியாழக்கிழமை முழுக்க உன் ஜோடியைப் போட்டிருந்தேன். இடது அருமை. காலோடு பிறந்த மாதிரி இருந்தது. காலையில் போட்டேன், மாலையில் கழற்றினேன், நடுவில் பூட்ஸ் இருக்கிற நினைவே வரவில்லை. எங்கும் ஒரு அழுத்தம் கிடையாது. வலது சுமார். புறங்காலில் கொஞ்சம் கடி, இறங்கு சரிவில் குதிகால் தூக்குகிறது. ஒடுக்கமான அச்சுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

விடுதிப் படிக்கட்டில் ஒரு சின்ன சறுக்கல், ஒன்றும் இல்லை, முட்டியில் சிராய்ப்பு. இருபத்தைந்து வருஷமாகச் சறுக்கச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் படிக்கட்டில் விழுந்தாள் என்று சமையல்காரி வரைக்கும் சிரித்தாகிவிட்டது. எட்சியோ பார்த்துவிட்டு, "அக்கா, கண்ணாடி போட்டுக்கோ"ன்னான். சோதனைக் குழுவுக்குத் தலைவனாகிவிட்டான் என்பதற்காக இவ்வளவு பேச்சா?

நடுவில் வேறு வேலையாக ஒருநாள் பெல்லூனோ போய்வந்தேன். கடைத்தெருவில் விளக்கெல்லாம் கட்டிவிட்டார்கள். காட்டியாவுக்குக் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கினேன், இந்தப் பெட்டியில் இருக்கிறது.

நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள்.
ஒர்னெல்லா


மொந்தெபெல்லூனா,
8 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

சுகம். காட்டியா சால்வையைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். நீ எப்படி இருக்கிறாய், முட்டி ஆறிவிட்டதா?

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியின் அறைக்கே போனேன். ஒடுக்கமான அச்சுதான் என்று முடிவாகிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. எட்சியோ மட்டும் முரண்டு பிடிக்கிறான். இடது பூட்ஸ் தச்சுப் பட்டறை இடுக்கி மாதிரி நெரிக்கிறதாம், போட்ட கொஞ்ச நேரத்தில் கழற்றி எறிந்தானாம். இன்னும் இரண்டு பேரும் அவனோடு சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அவன் காலைப் பற்றி உனக்குத் தெரியும், ரொட்டித் துண்டு மாதிரி உப்பின கால். என் அக்காவின் கால் ஒருபக்கம், இவர்கள் எல்லோரும் ஒருபக்கம் என்றால் நான் எந்தப் பக்கம் போவேன்?

இந்தப் பெட்டியில் இரண்டு காலுக்கும் ஒடுக்கமான அச்சில் வார்த்த ஜோடி வருகிறது. கட்டிப் பனியில் நன்றாக முறுக்கிப் பார்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை, மறந்துவிட்டாய் போல. அம்மாவின் வியாதிப் பெயர். காட்டியாவுக்கு லேசாக இரத்தப்போக்கு கண்டு, படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் குடும்ப வியாதிகளை மறுபடியும் கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. அம்மா கல்லறைக்கும் சேர்ந்து போகலாம்.
லோரிஸ்


அராப்பா,
27 டிசம்பர்

அன்புத் தம்பிக்கு,

காட்டியா படுத்தே இருக்கட்டும். நீ சமைக்கிறாயா, இல்லை இருவரும் பானெத்தோனே கேக்கைத் தின்றே நாளை ஓட்டுகிறீர்களா? பண்டிகைக்கு நான் வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கார் பாட்டரி இறங்கிவிட்டது. மெக்கானிக் எல்லோரும் லீவு. பஸ்ஸில் வரலாம் என்றால் அந்த வளைவுகளில் எனக்குக் குமட்டும்.

இரண்டாவது ஜோடி: இடது, வெண்ணெய். ஒரு குறையும் சொல்ல முடியாது. வலது கொல்லுகிறது. மூன்றாவது பக்கிளைப் பூட்டினதும் விரல் எல்லாம் தீயாக எரிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தளர்த்திவிட்டேன். இரண்டும் ஒரே அச்சு என்கிறாய், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலதைச் சரிபார்.

இந்த வருஷம் சின்னப் பிள்ளைகள் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடிவாரச் சரிவிலேயே ஊர்ந்துகொண்டிருக்கலாம், உயரே போகிற தொல்லை இல்லை. வயசாகிறது பார்.

காட்டியாவுக்கு என் முத்தங்கள். அம்மா கல்லறையில் எனக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்று.
ஒர்னெல்லா


மொந்தெபெல்லூனா,
10 ஜனவரி 1999

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று மரியாதையாக ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உன்னால் இங்கே ஒரு சண்டையே நடந்துவிட்டது. உன் கடிதம் வந்ததும் அச்சு வெட்டுகிற தானிலோவிடம் போய், வலது அச்சைத் தப்பாக வெட்டியிருக்கிறாய் என்றேன். அவன் இரண்டையும் மேஜையில் வைத்து என் கண் முன்னாலேயே அளந்தான். ஒரு தலைமுடி வித்தியாசம்கூட இல்லை. நான் விடவில்லை. அளவுகோலில் தெரியாதது என் அக்காவின் காலுக்குத் தெரியும் என்றேன். அவனுக்கு வந்ததே கோபம். "ஒண்ணு நீ வரைஞ்சது பொய் சொல்லுது, இல்லன்னா உன் அக்கா காலு பொய் சொல்லுது. என் கை பொய் சொல்லாதுப்பா" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் முதலாளி தலையிட்டு வலதை மட்டும் கொஞ்சம் அகலமாக வெட்டச் சொன்னார். தானிலோ முணுமுணுத்துக்கொண்டே வெட்டினான். அந்த ஜோடிதான் இது. அவசர அவசரமாகப் பக்கிள் அடித்து முடித்தோம். இதற்கு நீ சரி என்று சொல்லிவிட்டால் பெரிய எந்திரத்தில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் திருப்ப முடியாது. நன்றாகப் பார்த்துச் சொல்.

அக்கா, கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமாக இருக்கிறது. அம்மாவின் வியாதிப் பெயரை எழுத உனக்கு என்ன கஷ்டம்? நினைக்கவே பிடிக்கவில்லையா? பிடிக்காவிட்டால் ஒரு வரி எழுதிவிட்டு மறந்துவிடு. காட்டியா நாள் முழுக்க மல்லாந்து கிடந்து கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஏதாவது ஒன்று நிச்சயமாகத் தெரிந்தால் போதும்.

லோரிஸ்


அராப்பா, மேலே விடுதியிலிருந்து,
31 ஜனவரி

தம்பிக்கு,

சுகம்தான். மத்தியான இடைவேளையில் எழுதுகிறேன். எட்சியோ பூட்ஸ்களை இங்கேயே வாங்கிக்கொண்டு நேராக வண்டியை அனுப்பப் போகிறானாம், வானிலை மோசமாகப் போகிறது என்று குதிக்கிறான். காலையிலிருந்து இந்த ஜோடியில்தான் இருக்கிறேன். இடது பிரமாதம், கை வைக்காதே. வலது முன்னைவிட எவ்வளவோ தேவலை. மேடுபள்ளத்தில் ஒரு தடவை விழுந்தேன், வெளிச்சம் மங்கலாக இருந்தது, பூட்ஸ் மேல் தப்பில்லை.

அம்மாவுக்கு என்ன வியாதி என்றால், வயசான வியாதிதான். எல்லோருக்கும் வருவது. டாக்டரிடம் அப்படியே சொல். காட்டியா வீணாகக் கவலைப்பட வேண்டாம்.

இதோ வந்துவிட்டான், முடிக்கிறேன்.
ஒர்னெல்லா


மொந்தெபெல்லூனா,
6 பிப்ரவரி

அக்கா,

நீ சுகமாக இருக்கிறாயா? இந்தத் தடவை பதில் வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

வண்டி பனியில் தாமதமாகி நேற்றுதான் வந்தது. வழக்கம்போல இடது பூட்ஸுக்குள் கையை விட்டு உன் கடிதத்தை எடுத்தேன். கடிதத்தின் அடி ஓரம் சிவப்பாகக் கறைபட்டுக் காய்ந்திருந்தது. ஒயின் சிந்திவிட்டாய் என்று நினைத்தேன். உள்ளுறையை வெளியே இழுத்தேன். உள்ளங்கால் படுகிற இடம் முழுக்க இரத்தம். அதற்கு நடுவில் ஒரு வாஷர். பக்கிள் அடிக்கும்போது எங்கள் அவசரத்தில் உள்ளே விழுந்தது. ஓரம் சீவாத வாஷர், நகத்தால் தடவினாலே கீறும்.

அதன் மேல் நின்றுகொண்டு காலையிலிருந்து சறுக்கியிருக்கிறாய். அதன் மேல் நின்றுகொண்டு பிரமாதம், கை வைக்காதே என்று எழுதியிருக்கிறாய்.

தானிலோ பக்கத்தில்தான் இருந்தான். அவன் சொல்லிக்காட்டுவான் என்று காத்திருந்தேன். அவனோ உள்ளுறையை என் கையிலிருந்து வாங்கிக் குழாயடியில் வைத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டான்.

படிக்கட்டில் விழுந்தாய். கார் ஓட்டவில்லை. அடிவாரச் சரிவுக்கு இறங்கிவிட்டாய். எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்க எழுதினாய், நானும் சிரித்துக்கொண்டே படித்தேன். எனக்குத் தேவைப்பட்டது உன் கால் மட்டும்தான், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒப்புக்குத்தான் கேட்டிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

அம்மாவுக்கு வயசான வியாதி என்றாய். அம்மா செத்தபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு சர்ச் வரைக்கும் நடந்து வந்தாள். ஊரே சிரித்தது, சின்னப் பையன் நானும் சிரித்தேன். நீ மட்டும் ஓடிப்போய் செருப்பை எடுத்துவந்து மண்டியிட்டு மாட்டிவிட்டாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

உனக்கு என்ன வந்திருக்கிறது என்று சொல்.
லோரிஸ்


மொந்தெபெல்லூனா,
21 பிப்ரவரி

அக்கா,

பதில் இல்லை. நேற்று காட்டியாவை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அகோர்தோ தாண்டினதும் பனிச்சரிவு விழுந்து சாலையை மூடியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எட்சியோவுக்குப் போன் போட்டேன். உயிரோடு இருக்கிறாய், நடக்கிறாய், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய், அதற்கு மேல் என்னைக் கேட்காதே என்றான்.

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. பெரிய எந்திரத்தில் ஏற்ற வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பூட்ஸ் எக்கேடோ கெட்டுப் போகட்டும். ஒரு வரி எழுது.

லோரிஸ்


அராப்பா,
7 மார்ச்

என் அன்புத் தம்பிக்கு,

சாலை திறந்துவிட்டது. இனி சாக்கு இல்லை.

அன்று வண்டி கிளம்பினபிறகு வீட்டுக்கு வந்து காலுறையை இழுத்தேன். பாதி வருவதற்குள் பார்த்துவிட்டேன். எனக்குக் காயத்தைப் பற்றி நினைப்பே வரவில்லை. நான் மூன்று மாதமாக மறைத்தது உன்னைப் பார்க்கக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். வண்டியைத் துரத்திப் பிடிக்க முடியுமா என்றுகூட யோசித்தேன், முட்டாள். காயம் ஆறிவிட்டது. புதுப் புண் ஏதாவது வந்திருக்கிறதா என்று தினமும் கண்ணாடி பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், காலே சொல்லாது என்பதால்.

பாட்டரி நன்றாகத்தான் இருந்தது. கிளட்சை மிதித்தேனா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் ஓட்டவில்லை. நவம்பரில் பெல்லூனோ போனது நரம்பு டாக்டரிடம். ஊசியால் குத்தினார், இசைக்கவை போல ஒன்றைத் தட்டி எலும்பில் வைத்தார், அம்மாவின் பழைய காகிதங்களைத் தேடி எடுத்தார். அதேதான். பெயர் நீளமாக இருக்கிறது, காட்டியாவின் டாக்டருக்கு அவரே எழுதித் தருவார். அம்மாவைக் கடைசியில் கொன்றது நுரையீரல் சளி, ஆனால் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது இது. எனக்கும் நாற்காலி வரும். எப்போது என்று அவருக்குத் தெரியாது.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் கேட்பாய். பெற்றவளிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற வியாதி இது என்றார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அங்கிருந்து திரும்பி வந்தால் மேஜையில் பதில் எழுதாத உன் கடிதம், காட்டியா கர்ப்பம் என்று. அந்தக் காகிதத்துக்கு நான் இதையா பதிலாக எழுதுவேன்? குழந்தை பிறக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவளுக்கு இரத்தப்போக்கு. ஒவ்வொரு தடவை நீ கேட்கும்போதும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பூட்ஸ் விஷயம் அப்படி இல்லை. அது வெறும் ஆசை. இடது கால் ஒன்றும் சொல்லவில்லை, நான் அதையே நல்ல செய்தி என்று எழுதினேன். முதல் தடவை, டாக்டர் சொன்ன பிறகும், பூட்ஸ்தான் நன்றாக இருக்கிறது என்று என்னை நம்பவைத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை தெரியும். சோதனைக் குழுவில் இல்லாத ஒர்னெல்லா யார் என்று எனக்குத் தெரியாது தம்பி. அந்தக் குழுவில் உட்கார்ந்து சூப்பு குடித்துக்கொண்டு பூட்ஸைத் திட்டுவதுதான் எனக்குக் குடும்பம். போன வாரம் எட்சியோவிடம் சொன்னேன். அவன் என் தட்டில் பொலெந்தாக் களியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. பனி அடித்ததாம்.

அவன் சொன்னதுதான் சரி, இடது நெரிக்கிறது. தானிலோவிடம் மன்னிப்பு கேட்டேன் என்று சொல். அகலமான அச்சை எடுத்துக்கொள்.

உனக்கு ஒன்றும் இல்லை. நீ நன்றாக நடக்கிறாய், வரும்போதெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் குழந்தை பிறந்தபிறகு டாக்டரிடம் போ. பார்க்காமலே இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அழ வேண்டியதை எல்லாம் நான் அழுது முடித்தாகிவிட்டது, நீ மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

உன் அக்கா,
ஒர்னெல்லா


மொந்தெபெல்லூனா,
20 மே

அன்புள்ள அக்கா,

ஜெம்மாவுக்கு ஒன்பது நாளாகிறது. போனில் அவள் அழுகையைக் கேட்டு நீ, "தொண்டை நம்ம குடும்பம்தான்"னு சொன்னதைக் காட்டியா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். இருவரும் சுகம். காட்டியா எழுந்து நடமாடுகிறாள்.

ஈஸ்டருக்கு நீ பஸ்ஸில் வந்தபோது நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காட்டியா கூடவே இருந்தாள், எனக்கும் பேச விருப்பமில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது, போனில் என்னால் முடியாது.

டாக்டரிடம் போவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். இது அதற்காகச் செய்ததில்லை, நம்பு. ஒடுக்கமான அச்சை உருக்கப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை கடைசிச் சோதனை ஜோடியையும் அலமாரியிலிருந்து எடுத்தோம். நான் வரைகிறவன், போட்டுப் பார்க்கிறவன் இல்லை என்று நீ எப்போதும் கேலி செய்வாய். எனக்கு ஒரு எண்ணம் வந்தது. உனக்கு வந்திருக்க வேண்டிய வலி எவ்வளவு என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும். அதை நீ அனுபவிக்கவில்லை, நானாவது அனுபவிக்க வேண்டும். எனக்கு அது ஒரு கடன் மாதிரி இருந்தது.

தானிலோ மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பூட்ஸையும் போட்டு எல்லா பக்கிளையும் கடைசிப் பல்வரை இறுக்கினேன். "யோவ், பைத்தியமா உனக்கு? எட்சியோ அத போட்டுட்டு கத்துன கத்து இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றான். வலது கால் உடனே கத்த ஆரம்பித்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்காவுக்காக இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இடதுக்காகக் காத்திருந்தேன்.

காத்துக்கொண்டே இருந்தேன் அக்கா.

வலதை ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் கழற்றிவிட்டேன். இடதை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன், முன்னால் சாய்ந்தேன், எடை முழுக்க அதில் போட்டேன். தானிலோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "கழட்டு" என்றான். கழற்றினேன். புறங்காலில் பள்ளம் விழுந்து, அதன் ஓரம் செக்கச்செவேலென்று வரிகட்டியிருந்தது. அவன் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். "அந்தப் பக்கம் பாரு" என்றான். ஜன்னலைப் பார்த்தேன்.

"இங்க வலிக்குதா?"

"இன்னும் தொடவே இல்லையே நீ" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவன் கட்டை விரல் அந்தச் சிவப்பின் மேல்தான் இருந்தது, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தான்.

காட்டியாவிடம் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருக்கிறாள், ஜெம்மா அவள் மார்பில் தூங்குகிறாள். போர்வைக்கு வெளியே ஜெம்மாவின் இரண்டு காலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்.
லோரிஸ்


அராப்பா,
24 மே

லோரிஸ்,

என்ன காலுறை போட்டிருந்தாய்? தடிமனானதா? பட்டறைத் தரை ஈரமாக இருந்ததா? குளிர்ந்த தரையில் யாருக்கும் கால் மரத்துப்போகும். அதற்கு முன்னால் கால் மேல் கால் போட்டுக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாயா? நீ அப்படித்தான் உட்காருவாய், சின்ன வயசிலிருந்தே. காலை நேரத்தில், மெல்லிய காலுறையோடு, மறுபடி ஒரு தடவை

இல்லை. போடாதே. அதை இனி தொடாதே, தானிலோவிடம் கொடுத்து உருக்கச் சொல். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. நவம்பரிலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்விகள்தான் அவை. ஒரு கேள்விகூட உதவவில்லை.

அழுது முடித்துவிட்டேன் என்று மார்ச்சில் எழுதினேன். அது பொய். எனக்காக அழுவதை மட்டும்தான் முடித்திருந்தேன். என் கால் போவதை நான் பொறுத்துக்கொண்டேன்டா. உனக்கு வராமல் இருந்தால் போதும், பாதிக்குப் பாதி என்றால் அந்தப் பாதி என்னோடு தீர்ந்துவிடட்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படி எல்லாம் கணக்கு கிடையாது என்று டாக்டர் சொன்னார். நான் கேட்கவில்லை.

நீ மட்டும் பெல்லூனோவுக்குப் போ என்று சொல்லமாட்டேன். உன்னோடு நானும் வருகிறேன். அந்த டாக்டர் ஊசியை எடுக்கும்போது ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு யாரும் இல்லை, அதனால் எனக்கு அது தெரியும். ஜெம்மாவைப் பற்றி இப்போது யாரும் எதுவும் கேட்க வேண்டாம், அவள் வளரட்டும், அவளே தீர்மானிக்கட்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

எட்சியோ நாளைக்குக் காலி வண்டியோடு இறங்குகிறான். இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னையும் ஏறச் சொன்னான். வீட்டை ஒழுங்குபண்ண ஒருநாள் வேண்டும், வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். கொஞ்ச நாள் தங்குகிற மாதிரிதான் வருகிறேன்.

அதுவரைக்கும் காட்டியாவிடம் எதுவும் சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன். நான் சொல்லும்போது நீ பேச வேண்டாம். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு.

ஒர்னெல்லா